தெல்ஃபீனாவுக்கு அம்புக்குறி இல்லை

மனித மரபணுத் தகவல்களில் இருக்கும் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்று வலென்சியாவில் ஒரு நிறுவனம் இருந்தது. அது வருவதற்கு முன்பு குழப்பம் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. ஓர் ஆய்வகம் ஒரு மாறுபாட்டை ஆபத்து என்றது. இன்னோர் ஆய்வகம் அதையே அற்பம் என்றது. மூன்றாவது ஆய்வகம் அதற்கு வேறு பெயர் வைத்து, யார் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்றது. நிறுவனம் வந்த பிறகு குழப்பம் முழுவதும் ஒரே கூரையின் கீழ், மூன்றாவது மாடியில், குளிரூட்டப்பட்ட அறையில் பாதுகாப்பாக வைக்கப்பட்டது.

லிரியோஸ் அங்கே பெட்டி வரைபவள். நியமன உத்தரவில் வேறு பெயர் இருந்தது. ஆனால் என்ன வேலை என்று அம்மா கேட்டபோது அவளுக்கு வாயில் வந்தது இதுதான். “பெட்டி வரையறேன்மா. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல அம்பு போடறேன்.” அம்மா அக்கம்பக்கத்தில் மகள் கட்டட வரைபடம் போடுகிறாள் என்று சொல்லி வைத்தாள். லிரியோஸ் திருத்தவில்லை.

மரபணு ஒரு பெட்டி. மாறுபாடு ஒரு பெட்டி. நோய், நோயாளி, பரிசோதனை, பரிசோதனை முடிவு, ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. எது எதோடு எப்படித் தொடர்பு என்று அம்புகளால் சொல்லிவிட்டால், ஓர் ஆஸ்பத்திரிக் கணினி எழுதுவது இன்னோர் ஆஸ்பத்திரிக் கணினிக்குப் புரியும். ஒரே மாறுபாட்டை மூன்று பெயரில் மூன்று பேர் பயந்து பார்க்க வேண்டியதில்லை. இது நல்ல யோசனை. இதற்காகத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல யோசனை என்று இன்னமும் நம்பினாள். அவளுடைய கஷ்டத்துக்குப் பாதிக் காரணம் இந்த நம்பிக்கைதான்.

நிறுவனத்தின் முதல் நான்கு ஆண்டுகள் மரபணு என்றால் என்ன என்று தீர்மானிப்பதில் போயின. ஐந்தாம் ஆண்டு அந்தத் தீர்மானம் ரத்து செய்யப்பட்டது. இப்போது படம் கூட்ட அறையின் ஒரு சுவர் முழுவதையும் பிடித்து, மூலையில் திரும்பி, அடுத்த சுவரில் ஜன்னல் வரை போயிருந்தது. ஜன்னலை அடைத்துவிடலாமா என்று ஒரு துணைக்குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. எந்த வாக்கெடுப்பும் பத்தரை மணிச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பத்தரைக்கு எல்லோரும் கீழே பத்திஸ்தவின் கடைக்கு இறங்குவார்கள். வேர்க்கடலை, ஆலிவ் காய், முழங்கை நீள ரொட்டிக்குள் முட்டையோ குதிரைக்கறியோ, கடைசியில் ரம்மைக் கொளுத்தி ஊற்றிய காபி. வெறும் வயிற்றில் எடுத்த முடிவு செல்லாது என்று இயக்குநர் தோன் ஒனோரத் முதல் கூட்டத்திலேயே பதிவு செய்திருந்தார். நிறுவனம் ரத்து செய்யாமல் வைத்திருக்கும் ஒரே தீர்மானம் அதுதான்.

தெல்ஃபீனா வந்தது அந்தச் சாப்பாட்டு நேரத்தில். மேலே ஆளில்லாததால் அவளே விசாரித்துக் கீழே வந்துவிட்டாள். வாசலில், நடைபாதையில் பாதி ஏறி, கூரையில் ‘கற்பவர்’ பலகை வைத்த சின்னக் கார் ஒன்று நின்றது.

“யாருதுங்க அந்தக் காரு?” என்று கத்தினான் பத்திஸ்த.

“என்னுது. கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவ. இப்படி நிறுத்தக் கூடாதுன்னு காட்டறதுக்குத்தான் நிறுத்தியிருக்கேன்,” என்றாள் அவள். முப்பத்தைந்து வயதிருக்கும். “மரபணு ஆபீஸ்காரங்க யாரும் இங்க இருக்கீங்களா?”

எட்டுப் பேர் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிரியோஸ் மட்டும் வாய் காலியாக இருந்ததால் நிமிர்ந்துவிட்டாள்.

“நீதானா? சின்னப் பொண்ணா இருக்கியே. பரவால்ல. என் பேரு தெல்ஃபீனா. திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன். ரெண்டு மார்பையும் எடுக்கறாங்க.” அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “எங்கம்மா அதுலதான் போனாங்க. என் ரத்தத்துல ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்காம், ஆபத்துன்னு ஒரு லேப் சொல்லிடுச்சு. டாக்டரம்மா நெபோத்துக்குச் சந்தேகம். வேற இடங்கள்ல வேற மாதிரி சொல்றாங்கன்னு உங்ககிட்டக் கேட்டு அனுப்பியிருக்காங்க. உங்ககிட்டக் கேட்டா வேற யாருகிட்டயும் கேக்கக் கூடாதாமே, அரசாங்க உத்தரவாமே? நீங்க பதில் சொல்லலன்னா பழைய ரிப்போர்ட்டுதான் கணக்கு. வெட்டிடுவாங்க. அதான் நேர்ல வந்தேன். ஆபத்தா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.”

லிரியோஸுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

எல்லா ஆய்வகங்களும் அனுப்பியவை அவள் திரையில்தான் ஒன்று சேரும். ஆபத்து என்று முதலில் சொன்ன ஆய்வகமே ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தது. தீங்கற்றது, ஐயமில்லை. அந்த வரியை அவள் பார்த்திருந்தாள். பதில் தயார் என்று மேலிடத்துக்கு எழுதியும் அனுப்பியிருந்தாள். “தயார் என்பது ஒரு நிலையா, ஒரு பண்பா? விளக்கவும்” என்று திரும்பி வந்தது. அவள் விளக்கம் எழுதத் தொடங்கி, பாதியில், இன்னொரு பெட்டியை வரையப் போய்விட்டாள்.

“ஒரு நிமிஷம் இருங்க, கேட்டுட்டு வரேன்,” என்றாள்.

கேட்க வேண்டிய ஆள் அடுத்த மேஜையில் ஆலிவ் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த தோன்யா பூரா. இருப்பியல் பிரிவின் தலைவி. உலகத்தில் இருப்பவை எல்லாம் பொருளா நிகழ்வா என்று பிரிப்பது அவருடைய வேலை. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கொட்டைகளை அப்படியே விட்டு எழுந்தார்.

“அவங்க உயிரோட இருக்காங்களா?”

“அதோ, உக்காந்திருக்காங்க.”

“ஒனோரத்!” என்று கூவினார் பூரா. “நம்ம படத்துக்கு ஒரு உதாரணம் நடந்து வந்திருக்கு!”

தோன் ஒனோரத் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து தெல்ஃபீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நிறுவனத்தின் பதினொரு ஆண்டு வாழ்க்கையில் ஒரு நோயாளி நேரில் வருவது இதுவே முதல் தடவை. அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. சாப்பாடு ஏற்கனவே முடிந்திருந்ததால் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

மேலே, சுவர்ப் படத்துக்கு எதிரில், தெல்ஃபீனாவுக்கு நாற்காலி போட்டார்கள். எல்லோரும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படத்தில் இருப்பதுபோல் அவள் இல்லை என்பது சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது.

“முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும்,” என்று தொடங்கினார் பூரா. “நீங்க இங்க நோயாளியா வந்திருக்கீங்களா?”

“பின்ன, நடனம் ஆடவா வந்திருக்கேன்?”

“கோவப்படாதீங்க. நோயாளிங்கறது ஒரு பாத்திரம். ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கறப்ப நீங்க அந்தப் பாத்திரத்துல இருக்கீங்க. வெளிய வந்தா அது கழண்டுடும். இந்த அறையில நீங்க வெறும் வருகையாளர்.”

“ஓஹோ. அப்ப கட்டி வந்தா அதையும் உங்க வாசல்ல கழட்டி வச்சுட்டு உள்ள வரலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். கட்டி கழற்றக்கூடியதா என்பது நிகழ்ச்சிநிரலில் சேர்க்கப்பட்டது.

“அடுத்தது,” என்றார் பூரா, “நீங்க பரிசோதனை முடிவைக் கேக்கறீங்க. அது ஒரு பொருளா இருந்தா கையில எடுத்துக் குடுத்துடலாம். ஆனா போன கூட்டத்துல அதை நிகழ்வுன்னு மாத்திட்டோம். நிகழ்வுன்னா அது நடந்து முடிஞ்சிடுச்சு. நேத்துப் பெஞ்ச மழைய இன்னிக்கு எப்படிங்க எடுத்துக் குடுக்கறது?”

“மழைய எவ கேட்டா? அந்த மழையில நனைஞ்சு நிக்கறவ நான். ஒரு துண்டு குடுங்க, போதும்.”

லிரியோஸ் கூட்டக் குறிப்பு எழுதுகிறவளாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ‘துண்டு’ என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். எழுந்து ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். சொல்வதற்கு ஒரு மூச்சுகூட ஆகாது. ஆனால் அவளுடைய வேலை ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது; புதுப்பிக்கும் கையெழுத்து தோன் ஒனோரத்துடையது. அதுகூடக் காரணமில்லை என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. அந்த அறையில் எல்லோரும் அவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நேராக ஒரு பதிலைச் சொல்வது, சாப்பாட்டு மேஜையில் கைகழுவுவதுபோல அநாகரிகமாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அப்படித்தான் பட்டது.

“உங்களுக்கு இன்னொரு கேள்வி,” என்றார் பூரா. “முடிவு தெரிஞ்சதுக்கு அப்புறமும் நீங்க இதே ஆளா இருப்பீங்களா?”

தெல்ஃபீனா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அது நீங்க என்ன சொல்றீங்கங்கறதப் பொறுத்தது,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “நான் கிளம்பி வந்தப்ப என் வீட்டுக்காரர் கதவுகிட்ட நின்னுக்கிட்டு ஒண்ணுமே பேசல. அவரு எப்பவும் பேசிக்கிட்டே இருக்கற ஆளு. திங்கக்கிழமைக்கு அப்புறம் நான் இதே ஆளா இருப்பேனான்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் கேட்டுப் பாத்துட்டேன். தெரியல.”

“அருமை!” என்றார் பூரா. “அடையாளம் நிச்சயமற்றது. எழுதிக்கோ, லிரியோஸ்.”

லிரியோஸ் எழுதினாள்.

தோன் ஒனோரத் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு என்று அர்த்தம். இரண்டு மணிக்கு நகர மைதானத்தில் வெடி. ஃபாயாஸ் திருவிழா நடக்கும் மார்ச் மாதத்தில் வலென்சியாக்காரன் எவனும் அந்த வெடியைத் தவறவிடுவதில்லை. ஆகவே பேச்சு ஒன்றரைக்குள் முடிந்துவிடும் என்ற ஆறுதல் எல்லோருக்கும் இருந்தது.

“அம்மணி,” என்றார், “ஒங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. கஷ்டத்துக்கும் ஒரு பெட்டி வச்சிருக்கோம். அதோ, ஜன்னல் பக்கத்துல. ஆனா ஒண்ணு யோசிங்க. உடம்புங்கறது ஒரு எழுபது, எண்பது வருஷம். தப்பான ஒரு வரையறை நூறு வருஷம் நிக்கும். எதை முதல்ல காப்பாத்தணும்? இந்தப் படத்தை பிரஸ்ஸல்ஸுல காட்டினப்ப எழுந்து நின்னு கை தட்டினாங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல, ஆனா எழுந்து நின்னாங்க. அவசரப்பட்டுப் பதில் சொல்ற இடங்கள் ஊர்ல நிறைய இருக்கு. நாங்க அப்படி இல்ல. பதினோரு வருஷத்துல இந்த நிறுவனத்துலேந்து தப்பான முடிவு ஒண்ணுகூட வெளிய போனதில்ல.”

“மொத்தம் எத்தனை போயிருக்கு?” என்று கேட்டாள் தெல்ஃபீனா.

“ஒண்ணுகூட இல்ல. அதத்தானே சொல்றேன்.”

தெல்ஃபீனா மற்றவர்களைப் பார்த்தாள்.

“என்கிட்டக் கத்துக்க வர்றவங்கள்ல சிலபேரு இருக்காங்க. ரவுண்டானாவுக்குள்ள நுழைஞ்சுடுவாங்க. அப்புறம் எந்தப் பக்கம் வெளிய போறதுன்னு பயந்து சுத்திக்கிட்டே இருப்பாங்க. நான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சுட்டு, ‘ஏதாவது ஒரு ரோட்டுல போயித் தொலை’ன்னு கத்துவேன். உங்க வண்டியில அந்த இன்னொரு பிரேக்கு யாரு கால்கிட்ட இருக்கு?”

“பிரேக்குக்குப் பெட்டி இல்லை,” என்றார் ஒருவர், படத்தைச் சரிபார்த்துவிட்டு.

தோன் ஒனோரத் மணியைப் பார்த்தார். “சுருக்கமா முடிப்போம். கேள்வி இதுதான். வருகையாளர்ங்கற பெட்டியிலேருந்து பரிசோதனை முடிவுங்கற பெட்டிக்கு அம்பு இருக்கா? லிரியோஸ், படம் போட்டவ நீதானே. சொல்லும்மா.”

எல்லோரும் திரும்பினார்கள். தெல்ஃபீனாவும் திரும்பினாள்.

“இல்ல,” என்றாள் லிரியோஸ்.

“பாத்தீங்களா?”

“ஆனா போட்டுடலாம்,” என்றாள் லிரியோஸ். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. “ஒரு நிமிஷ வேலைதான்.”

தோன் ஒனோரத் வாஞ்சையோடு சிரித்தார். “சின்னப் பொண்ணு. அம்பு போடறது ஒரு நிமிஷம்தான். போட்ட அம்பு எங்கெல்லாம் போயிக் குத்தும்னு யாரு பாக்கறது? திருவிழா லீவு முடிஞ்சு வந்ததும் ஒரு துணைக்குழு போட்டு ஆராய்வோம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. லிரியோஸ் எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதும் அவள் வேலைதான். எண்ணிக்கொண்டே வந்தபோது தன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருப்பதைக் கண்டாள். அது யாருடையது என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு முறை பார்த்தாள். மணிக்கட்டில் இருந்த கடிகாரம் அவளுடையது.

“ஏகமனதாக,” என்றார் தோன் ஒனோரத். அம்மணிக்கு நிறுவனத்தின் பெயர் பொறித்த ஒரு பேனா வழங்கப்பட்டது. எல்லோரும் வெடி பார்க்கக் கிளம்பிப் போனார்கள். பூரா மட்டும் வாசலில் நின்று, “மழை உதாரணம் நல்லா இருந்துச்சு இல்ல?” என்று லிரியோஸைக் கேட்டுவிட்டுப் போனார்.

லிரியோஸ் படியில் இறங்கி ஓடியபோது தெல்ஃபீனா காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒன்று செருகியிருந்தது. பேனாவை வாயில் கவ்விக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அது ஆபத்து இல்ல,” என்றாள் லிரியோஸ்.

“எது? இந்தச் சீட்டா?”

“உங்க மாறுபாடு. தீங்கு கிடையாது. எல்லா லேபும் ஒத்துக்கிட்டாங்க. முதல்ல சொன்ன லேபும் மாத்திக்கிட்டாங்க. ஆபரேஷன் வேண்டாம்.”

தெல்ஃபீனா பேனாவை வாயிலிருந்து எடுத்தாள். அவள் அழுவாள் என்று லிரியோஸ் நினைத்தாள், அல்லது கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று. அப்படி நினைத்ததற்காகப் பிறகு வெகுநாள் கூசினாள்.

“இது உனக்கு மேல உக்காந்திருந்தப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“அந்தப் பொம்பள என்ன என்னமோ கேட்டப்ப?”

“தெரியும்.”

“கையத் தூக்குனப்ப?”

லிரியோஸ் தலையாட்டினாள்.

“ஏறு வண்டியில.”

“நான் எதுக்கு?”

“நான் போயி டாக்டரம்மாகிட்ட என்ன சொல்றது? நடைபாதையில ஒரு பொண்ணு சொன்னாள்னா? ஏறு.”

ஆஸ்பத்திரி வரைக்கும் தெல்ஃபீனா மிகச் சரியாக ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் விளக்குப் போட்டாள். ஆளில்லாத பாதசாரிக் கோட்டில்கூட நின்றாள். தூரத்தில் நகரத்தின் வெடி தொடங்கி, நெஞ்சு அதிர அதிர உயர்ந்து, நின்றது.

மருத்துவர் நெபோத் ஒல்லியான, களைத்த பெண். ஒரு கையில் தயிர்க் கிண்ணத்தோடு அவர்களை உள்ளே விட்டார். லிரியோஸ் சொன்னாள். பெட்டி, அம்பு எதுவும் இல்லாமல், எந்த மாறுபாடு, எந்தெந்த ஆய்வகம், என்ன தீர்ப்பு என்று நேராகச் சொன்னாள். தன் பெயரையும் வேலையையும் சொன்னாள். தன்னுடைய கடவுச்சொல்லால் மருத்துவரின் கணினியிலேயே அந்த வரியைத் திறந்தும் காட்டினாள். நிறுவனத்தின் விதிப்படி இது வேலையைப் பறிக்கக்கூடிய குற்றம். செய்யும்போது ஒரு டம்ளரை எடுத்து வைப்பதுபோல்தான் இருந்தது. இவ்வளவு சுலபமானதைச் செய்யாமல் இருந்ததுதான் இப்போது அவளுக்குத் தாங்கவில்லை.

மருத்துவர் இரண்டு தடவை படித்தார். தயிரைக் கீழே வைத்தார். தொலைபேசியை எடுத்து, “திங்கக்கிழமை முதல் கேஸ் எடுத்துடுங்க. ஆமா, ரத்து. ஒத்திப் போடல, ரத்து,” என்றார். பிறகு தெல்ஃபீனாவிடம் திரும்பினார். “அம்மா வழியில நோய் இருக்கறதால வருஷா வருஷம் பாத்துக்குவோம். வெட்ட வேண்டியதில்ல. போயி வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணுங்க.”

தெல்ஃபீனா அசையவில்லை.

மருத்துவர் கணினியில் எழுதிக்கொண்டே, லிரியோஸைப் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்டார். “இது எப்போ தெரிய வந்துச்சுன்னு போடணும். எப்போ?”

லிரியோஸ் வாயைத் திறந்தாள். நிறுவனம் அவளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. தெரிய வருவது ஒரே நிகழ்வல்ல. வரி திரையில் தோன்றியது ஒன்று, அதை அவள் கண் பார்த்தது ஒன்று, சரிபார்க்கப்பட்டது ஒன்று, அங்கீகரிக்கப்படுவது வேறொன்று, அது இன்னும் நடக்கவேயில்லை. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் பொய்யாகாது. ‘இன்னைக்கு’ என்று சொல்லலாம். தோன்யா பூரா அதற்கு மூன்று பக்கம் ஆதாரம் எழுதித் தருவார்.

“ராஜாக்கள் திருநாள் லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னைக்கு,” என்றாள். “ஜனவரி ஆரம்பத்துல.”

விசைப்பலகைச் சத்தம் நின்றது. இரண்டு மாதங்களுக்கு மேல். மருத்துவர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, எழுதினார்.

தெல்ஃபீனா தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். எதையும் எடுக்காமல் மூடினாள்.

“ஆபரேஷனுக்குன்னு பிள்ளைக்குப் பால் நிறுத்தச் சொன்னது பெப்ரவரியில,” என்றாள், மருத்துவரிடமோ லிரியோஸிடமோ இல்லாமல், பொதுவாக. “ஏழு மாசப் பிள்ளை. நாலு நாள் ராத்திரி கத்தினான். அவர்தான் தூக்கிக்கிட்டு மாடியில நடந்தாரு. நான் காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். அஞ்சாம் நாள் தானா புட்டிய வாங்கிக்கிட்டான்.”

“மன்னிச்சிடுங்க,” என்றாள் லிரியோஸ்.

“போன வாரம் சும்மா மாருல வச்சுப் பாத்தேன்,” என்றாள் தெல்ஃபீனா. “மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.”